தாடையில் பன்னிரண்டு கட்டங்கள்

கண் ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் எண்களை உரக்கக் கூப்பிட்டவள் என்பதால் அவளுக்கு டோக்கன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கட்டிய கணவனே அப்படித்தான் கூப்பிடுவான். நூற்றுப்பன்னிரண்டு என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், வாசலில் வண்டி நிறுத்திக்கொண்டிருப்பவர்கூடத் தன் கையில் இருக்கும் சீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வார். ஒருநாள் அந்த வேலையை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டது. பெட்டிக்குத் தொண்டை கட்டாது, டீ குடிக்க எழுந்து போகாது, யார்மீதும் எரிந்து விழாது. நிர்வாகம் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து நல்லபடியாகவே அனுப்பிவைத்தது.

நாற்பது வயதில் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் நாற்காலிகூட நம்மை ஒரு மாதிரி பார்க்கும். இரண்டு மாதம் அந்தப் பார்வையைத் தாங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாதம் அவள் லேசர் டெக்னீஷியன் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். ஒரு தோல் கிளினிக்கின் மாடியில் நடந்த ஆறு மாதப் படிப்பு. வேண்டாத முடியை ஒளியால் நீக்குவது எப்படி, அதற்கு முன்னால் தோலைப் படிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்கள். வகுப்பில் பதினோரு பேர். அவளைத் தவிர மற்ற பத்துப் பேருக்கும் இருபது, இருபத்தொன்று வயது. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் டீச்சர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். உண்மையான பயிற்சியாளர் அவளுக்குப் பின்னால் வந்தார். அவருக்கு இருபத்தொன்பது வயது. "உட்காருங்கக்கா, உங்களுக்கும் சேர்த்துதான் எழுந்திருக்காங்க" என்று சிரித்தார்.

வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டு அறை, ஒரு குளியலறை. டோக்கன், ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவன், கணவனின் தங்கை என்று மூன்று பேர். தங்கைக்கு முப்பத்திரண்டு வயது. தபால் பட்டுவாடா வேலை. காலையில் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் மதியம் வரை வெயிலோடுதான் பேச்சுவார்த்தை. வாய் ஓயாது, கை சும்மா இருக்காது. அண்ணிக்குப் பரீட்சை என்று தெரிந்ததும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இத ஏன் மந்திரம் மாதிரி முணுமுணுக்கறீங்க? நான் லெட்டர் போடற கட்டடம்னு நினைச்சுக்கோங்க. மேல்தோல்ங்கறது ஒரு மாடி வீடு. தரைத்தளத்துல யாரு குடியிருக்கா?"

"அடி அடுக்கு. புது செல்லெல்லாம் அங்கதான் பிறக்குது. மெலனின் தயார் பண்ற செல்லும் அங்கதான்."

"மெலனின்னா நம்ம கறுப்பு."

"எல்லாரோட கறுப்பும். அந்த செல்லு எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான். சிலருக்குக் கொஞ்சமா தயார் பண்ணும், நமக்கு வஞ்சனை இல்லாம தயார் பண்ணும். பண்ணி, பக்கத்து செல்லுங்களுக்கெல்லாம் பொட்டலம் பொட்டலமா குடுக்கும். அதுங்க வெயிலுக்குக் குடை மாதிரி தலைக்கு மேல பிடிச்சுக்கும்."

"பட்டுவாடா வேலைன்னு சொல்லுங்க. நம்ம ஆளுதான். முதல் மாடி?"

"முள் அடுக்கு. ரெண்டாவது மாடி மணி அடுக்கு. அதுக்கு மேல உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் மட்டும் ஒரு மாடி அதிகமா கட்டியிருக்கும். எல்லாத்துக்கும் மேல கொம்பு அடுக்கு. அங்க இருக்கறது பூரா செத்த செல். உதிர்ந்து போயிரும்."

"கீழேருந்து மேல வர எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒரு மாசம். வயசான தோல்னா இன்னும் கொஞ்சம் கூட."

"பாவம். மாசம் பூரா மூச்சு வாங்க மாடி ஏறி, வந்து சேர்ந்ததும் செத்துப்போகுது. நம்ம வீடு மாதிரியேதான் கட்டியிருக்கான்."

அந்த மாடி வீட்டுக்கு அடியில் இருப்பது உள்தோல். ரத்தக்குழாயும் நரம்பும் முடியின் வேரும் இருக்கும் இடம். மேல்மாடிகளில் விழுந்த கறை ஏறி ஏறி உதிர்ந்துவிடும். தரைத்தளத்தையும் தாண்டி உள்தோலுக்குள் இறங்கிவிட்ட கறை வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதையும் நாத்தனார் கேள்வியாகக் கேட்டுத்தான் டோக்கன் மனத்தில் பதிய வைத்துக்கொண்டாள். எழுத்துப் பரீட்சையில் அவளுக்கு முதல் இடம். வாழ்நாளில் எதிலும் அவள் முதலாவதாக வந்ததில்லை. கணவன் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். அது உருகுவதற்குள் அவள் மார்க் பட்டியலை மூன்று முறை எடுத்துப் பார்த்தாள்.

நாத்தனாரைப் பற்றி வீட்டில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருந்தது. தினமும் விடிந்ததும் அவள் குளியலறைக்குள் போனால் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகும். "உள்ள என்ன, தபால் பிரிக்கிறியா?" என்று அண்ணன் கதவைத் தட்டுவான். வெளியே வரும்போது தாடையை மறைத்து ஒரு ஸ்கார்ஃப் சுற்றியிருக்கும். தூசிக்கு என்பாள். வீட்டுக்குள்ளும் அவிழ்க்க மாட்டாள். சோப்புத் தட்டுக்குப் பின்னால் ஒரு முடி பிடுங்கும் இடுக்கி இருப்பதை டோக்கன் கல்யாணமாகி வந்த வருஷமே பார்த்திருந்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம் ஒரே குளியலறை, ஒரே இடுக்கி, ஒரே மௌனம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவன் வெளியே போயிருந்தபோது, நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க மிஷின் முகத்துக்கும் ஆகுமா?"

"ஆகும்."

அவள் ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். தாடை ஓரம் முழுக்கப் பிடுங்கிப் பிடுங்கிப் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. நடு நடுவே விறைத்த முடிகள். பத்தொன்பது வயதில் ஆரம்பித்ததாம். டோக்கன் புத்தகத்தில் படித்தபடி விரலால் தாடையை மெல்லத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். இரக்கம் காட்டிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள்.

"ஹார்மோன் சமாச்சாரம். டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டணும். முழுசா போயிரும்னு பொய் சொல்ல மாட்டேன். நல்லா குறையும்."

"குறைஞ்சா போதும் அண்ணி. காலையில அந்த முக்கால் மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைச்சா போதும்."

செய்முறைப் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டியிருந்தது. டோக்கனுக்கு ஆள் வீட்டிலேயே கிடைத்துவிட்டாள். நாத்தனார் தபால் அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தாள்.

பயிற்சியாளர் எல்லாவற்றையும் முறைப்படி பார்த்தார். தோலின் நிற வகை ஆறில் ஐந்தாவது என்று எழுதினார். கை மேல்பகுதியின் உள்புறம், வெயிலே படாத இடத்தில் என்ன நிறம், முகத்தில் என்ன நிறம் என்று பார்த்து, முகம் இன்னும் ஒரு படி கறுத்திருக்கிறது என்று குறித்தார். காதுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் டோக்கனே சோதனைக்கு ஒரே ஒரு முறை ஒளியை அடித்தாள். சதுரமான கண்ணாடி முனை. ஒரு சின்னத் தபால்தலை அளவு.

"அவ்வளவுதான் இன்னைக்கு" என்றார் பயிற்சியாளர். "ரெண்டு வாரம் கழிச்சு அந்த இடத்தைப் பார்த்துட்டுத்தான் மத்தது. அக்கா, இது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். ஒளி கறுப்பைத் தேடிப் போகும். முடி வேர்ல இருக்கற கறுப்பும் கறுப்புதான், தோல்ல இருக்கறதும் கறுப்புதான். அதுக்கு வித்தியாசம் தெரியாது, நமக்குத்தான் தெரியணும். இந்த நிறத் தோல் உடனே எதையும் காட்டாது."

சொல்லி முடிப்பதற்குள் கீழே வரவேற்பிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போனவர் போனவர்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. காதுக்குப் பின்னால் டோக்கன் பார்த்தாள். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. எரிகிறதா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றாள் நாத்தனார்.

"அண்ணி, இன்னொரு நாள் லீவு கேட்டா போஸ்ட்மாஸ்டர் என்னையே பார்சல் பண்ணி அனுப்பிருவாரு. ஒண்ணும் ஆகலதானே? முடிச்சிருங்களேன்."

டோக்கன் யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். செய்முறைப் பதிவேட்டில் அவள் பக்கம் இன்னும் காலியாக இருந்தது. மற்றப் பெண்களில் இரண்டு பேர் முடித்துவிட்டிருந்தார்கள். முதலாவதாக வந்தவள் கடைசியாகப் போவதா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. இருவரும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். ஒரு காதிலிருந்து மறு காது வரை, தாடை ஓரமாகப் பன்னிரண்டு முறை அடித்தாள். ஆறாவது முறை அடிக்கும்போது நாத்தனார் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் சுடுது, பரவாயில்ல" என்றாள். டோக்கன் நிறுத்தவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தாடை வீங்கிச் சிவந்தது. ஏழு மணிக்கு ஓரங்கள் தெளிவாகத் தெரிந்தன. எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை, பன்னிரண்டு சதுரங்களும் வரிசையாக நின்றன. கணவன் துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொண்டுவந்தான். "ஐஸை நேரா வைக்காத, தோல் இன்னும் புண்ணாகும்" என்று மட்டும் சொன்னான். குளிரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை.

நாத்தனார் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னதுதான் டோக்கனைக் கொன்றது.

"என் தப்புதான் அண்ணி. நேத்து முழுக்க ஆள் இல்லாத ரோட்டுல, வெயில்ல ஸ்கார்ஃப் இல்லாம சுத்துனேன். காத்து வரட்டும்னு அவுத்து வச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணல."

தப்பித்துப்போக நல்ல பெரிய கதவு. அந்த வழியாகத் தலையைக்கூடக் குனியாமல் நடந்து போய்விடலாம். டோக்கன் "சரி, தூங்கு" என்று மட்டும் சொன்னாள். தூங்கியது யாரும் இல்லை.

காலையில் நாத்தனார் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது டோக்கன் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரியையே எழுப்பிய குரல் அன்றைக்கு வெளியே வரவே மறுத்தது.

"உன் தப்பு இல்ல. வெயில்ல போனது ஒரு காரணம், ஆனா அதுக்காகத்தான் ரெண்டு வாரம் காத்திருக்கச் சொல்றது. மேடம் அவ்வளவு தெளிவா சொன்னாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடிச்சேன். நீ சுடுதுன்னு சொன்னப்பவும் நிறுத்தல. எனக்கு என் பதிவேட்டுப் பக்கம் நிரம்பணும்னு இருந்துச்சு."

நாத்தனார் லேஸைக் கட்டி முடித்தாள். எழுந்தாள். பையை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று நாள் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், போய்ப் படுத்தாள். நாலாவது மாடிப்படி இறங்கும் காலடிச் சத்தத்தை மட்டும் டோக்கன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளரிடம் அன்றே போய்ச் சொல்லியாகிவிட்டது. அவர் முகம் வெளிறிப்போனது. கதவைச் சாத்திவிட்டு, "உங்களுக்கு என்ன வயசு? அந்தச் சின்னப் பொண்ணுங்களுக்கு நான் இதச் சொல்லணும்னு எதிர்பார்த்தேன், உங்களுக்கு இல்ல" என்றார். அந்தச் சொல் எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே போய்த் தைத்தது. பிறகு விபத்து அறிக்கைப் படிவத்தை எடுத்தார். டோக்கன் சொல்லச் சொல்ல எழுதினார். கடைசியில், பயிற்சியாளர் அறையில் இல்லை, மிஷினை அணைக்காமல் சாவியோடு விட்டுச் சென்றார் என்று தானாகவே இன்னொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மேடம், அது வேணாம். என்னாலதான்..."

"நடந்தது அதுதானேக்கா. பாதி எழுதினா அறிக்கை இல்ல."

ஆறு மாதம் டோக்கன் மிஷின் பக்கம் போகக் கூடாது, வகுப்பில் மட்டும் உட்காரலாம் என்று முடிவாயிற்று. பயிற்சியாளருக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட டோக்கனிடம் பேசவில்லை. வரவேற்பில் இருந்த பெண் சொல்லித்தான் தெரிந்தது. அன்றே தோல் டாக்டரிடமும் அவர்தான் நேரம் வாங்கிக்கொடுத்தார். விடுமுறை நாளில் வீடு தேடி நாலு மாடி ஏறி வந்து, நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போனபிறகுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள். வீக்கம் வடிந்து, சதுரங்களின் மேல் மெல்லிய பொருக்குக் கட்டியிருந்தது.

"அண்ணி."

"சொல்லும்மா."

"இது எந்த மாடியில இருக்கு?"

டோக்கன் அவள் தாடையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப சொல்ல முடியாது. பொருக்கு தானா விழணும். அப்புறம் நிறம் தெரியும். பழுப்பா இருந்தா மேல்மாடியில இருக்கு, ஏறிப் போயிரும். சாம்பலும் நீலமும் கலந்த மாதிரி இருந்தா உள்தோல்ல இறங்கிருச்சுன்னு அர்த்தம்."

"இறங்கிட்டா?"

"வருஷக்கணக்கா இருக்கும். சிலது போகாமலே இருக்கும்."

நாத்தனார் தலையாட்டினாள். "நேராவே சொல்லிட்டீங்க. நல்லது" என்றாள்.

பொருக்கு பத்தாம் நாள் விழுந்தது. அடியில் கறுத்துப்போய்ப் பன்னிரண்டு கட்டங்கள். டாக்டர் அறையை இருட்டாக்கி, ஊதா விளக்கை வைத்துப் பார்த்தார். டோக்கன் சுவரோரம் நின்றாள். தன் மூச்சுச் சத்தமே தனக்கு இடைஞ்சலாக இருந்தது. டாக்டர் அவசரப்படவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து, பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்தார்.

"இவ்வளவு கறுப்பான தோல்ல இந்த விளக்கை மட்டும் நம்ப முடியாது. ஆனா ஓரம் கூர்மையா தெரியுது, நிறம் நல்ல பழுப்பு. பெரும்பாலும் மேல்தோல்தான். தழும்பும் இல்ல. மூணு மாசத்துலேருந்து ஆறு மாசம். வெயில் படக் கூடாது, கையை வைக்கக் கூடாது. பிடுங்கறது, இழுக்கறது எதுவும் வேண்டாம். கத்தரிக்கோலால நறுக்கிக்கலாம்."

டோக்கன் சுவரில் சாய்ந்துகொண்டாள். பெரும்பாலும் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷியால் எத்தனை மாதம் நிற்க முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

வெயில் படக் கூடாது என்றால் பட்டுவாடாவுக்குப் போக முடியாது. பார்சல் பண்ணி அனுப்பிவிடுவார் என்று பேர் வாங்கிய போஸ்ட்மாஸ்டர், டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் அவளைத் தபால் பிரிக்கும் அறைக்கு மாற்றினார். பிடுங்கக் கூடாது என்றால் முடி வளரும். வளர்ந்தது. துணி உரசக் கூடாது என்பதால் ஸ்கார்ஃபையும் கட்ட முடியவில்லை. கறுப்புக் கட்டங்களும் நறுக்கிவிட்ட முடியுமாகத் தாடையை அப்படியே ஊருக்குக் காட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

முதல் நாள் போகும்போது படியில் பாதி இறங்கித் திரும்ப ஏறி வந்தாள். வாசலில் நின்றாள். டோக்கன் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். தபால் அலுவலகம் வரை இருவரும் நிழல் பார்த்து நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் படி ஏறி வரும் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

"அண்ணி, பார்சல் கவுன்டர்ல ஒரு அம்மா இருக்காங்கன்னு சொல்வேன்ல, யார்கிட்டயும் சிரிக்காதவங்க? அவங்க என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. எனக்குக் காது சூடாயிருச்சு. சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல வந்து உக்காந்து, நீ எந்த பிளேடு யூஸ் பண்றேன்னு மெதுவா கேக்கறாங்க. இருபத்தாறு வருஷமா தினம் ஷேவ் பண்றாங்களாம். வீட்டுக்காரருக்கே தெரியாதாம்."

"நீ என்ன சொன்ன?"

"பிளேடு சரியில்ல, எங்க அண்ணிகிட்ட உங்களக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். உடனே என் தாடையப் பார்த்தாங்க. இதப் பண்ணின அந்த அண்ணியான்னு கேட்டாங்க." அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கவில்லை. "ஆமா, அந்த அண்ணியேதான்னு சொன்னேன்."

டோக்கனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கணவன் எதற்கு என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே ஜன்னலோரம், அதே நேரம், டோக்கன் தாடையைப் படம் எடுத்தாள். முதல் மாதம் எதுவும் மாறவில்லை. இரண்டாவது மாதம் இடது காதோரத்துக் கட்டம் லேசாக மங்கியதா, இல்லை தன் ஆசையா என்று அவளுக்குச் சந்தேகம். "மாடி ஏறிட்டிருக்கு அண்ணி, லிஃப்ட் இல்லல்ல, அவசரப்படுத்தாதீங்க" என்பாள் நாத்தனார். அவள்தான் ஆறுதல் சொன்னாள். சொல்ல வேண்டியவள் அல்ல. மூன்றாவது மாதம் ஏழு கட்டங்களை வெளிச்சத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது மாதக் கடைசியில் டாக்டர் பார்த்துவிட்டு, கோப்பை மூடினார். தாடையின் நடுவில் ஒன்று மட்டும், தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் அளவுக்கு மிச்சமிருந்தது.

அதற்குள் வகுப்பில் மற்றவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது பத்துப் பேரும் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். நடந்ததை அவள் மறைக்காமல் வகுப்பில் சொன்னதிலிருந்து, ஒருத்தியும் சோதனை இடத்தைக் காத்திருந்து பார்க்காமல் அடுத்ததைத் தொட்டதில்லை என்று பயிற்சியாளர் சொன்னார். டோக்கனுக்கு மறுபடி மிஷினைத் தொட அனுமதி வந்தது. தனக்கு ஆள் யார் கிடைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தவளிடம், நாத்தனார் சாதாரணமாக, "எனக்கு எப்ப மறுபடி?" என்று கேட்டாள்.

"நீயா? வேற யாராவது கை வச்சா நல்லது. மேடமே பண்ணுவாங்க, நான் கேக்கறேன்."

"வேணாம். அவங்க இதுவரைக்கும் யாரையும் சுட்டதில்ல. நீங்க சுட்டிருக்கீங்க. என் தாடைய உங்களவிட யாரு பயந்து பயந்து தொடுவா?"

இந்த முறை மிஷின் வேறு. நீளமான அலை கொண்ட ஒளி. மேல்தோலின் கறுப்பில் அவ்வளவாக நிற்காமல், ஆழத்தில் இருக்கும் வேருக்குப் போய்ச் சேரும். அளவைக் குறைத்து வைத்து, காதுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை அடித்தாள். மிஷினை அணைத்துச் சாவியை எடுத்துப் பயிற்சியாளர் கையில் கொடுத்தாள். பிறகு இரண்டு வாரம். பதினான்கு நாளும் அவள் நாத்தனாரின் காதைத் திருப்பிப் பார்த்த பார்வையில் காது தேய்ந்துபோகாமல் இருந்ததே பெரிய விஷயம். ஒன்றும் வரவில்லை. பதினைந்தாம் நாள், பயிற்சியாளர் தோளோரம் நிற்க, ஒவ்வொரு முறைக்கும் முன்னால் "சுடுதா?" என்று கேட்டுக் கேட்டுத் தாடை முழுக்க முடித்தாள். நாத்தனார் கடைசியில், "அண்ணி, சுடல, உங்க கேள்விதான் தாங்கல" என்றாள்.

மாதத்துக்கு ஒன்றாக நாலு தடவை ஆன பிறகு, முடி பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. அவள் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தாள். சோப்புத் தட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கியை ஒருநாள் தானே எடுத்துக் குப்பையில் போட்டாள். பார்சல் கவுன்டர் அம்மா டோக்கனின் முதல் வெளி ஆளாக வந்து, சோதனைக்கு ஒரு முறை அடித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் வாசலில் திரும்பி நின்று டோக்கனின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

சான்றிதழ் வாங்கிய வாரமே அந்தக் கிளினிக்கிலேயே டோக்கனுக்கு வேலை போட்டுக்கொடுத்தார்கள். புது வகுப்பு தொடங்கியதும், சோதனை பற்றிய பாடத்தை அவளையே எடுக்கச் சொன்னார் பயிற்சியாளர். நானும் வருகிறேன் என்று நாத்தனார் தானாகவே கிளம்பினாள். டோக்கன் ஞாயிற்றுக்கிழமைப் படங்களை வரிசையாகத் திரையில் காட்டி, என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். பதிவேட்டுப் பக்கம் நிரம்ப வேண்டும் என்ற ஆசையையும் சொன்னாள். பின்வரிசையில் ஒரு பெண் நாத்தனாரைப் பார்த்து, "உங்களுக்குக் கோபம் வரலையா?" என்று கேட்டாள்.

"வராம? மூணு நாள் பேசல. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா எனக்கே தலை வெடிச்சிருக்கும்." வகுப்பு சிரித்தது. அவள் தொடர்ந்தாள். "தப்பு என்மேலன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அண்ணி அத அப்படியே விட்டிருக்கலாம், எனக்குத் தெரிஞ்சே இருக்காது. விடல. அதுக்கப்புறம் அவங்க என்ன சொன்னாலும் நான் நம்புவேன். போயிரும்னு சொன்னா போயிரும்னு நம்புவேன், தெரியலன்னு சொன்னா தெரியலன்னு நம்புவேன். அப்படி ஒரு ஆளு கிடைக்கறது சாமானியமா?"

திரும்பிப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். மதியம் மூன்று மணி. டோக்கன் இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். வகுப்பிலிருந்து இறங்கும்போதே மனத்துக்குள் தயார்செய்து வைத்திருந்தாள்.

"இங்க பாரு, ரொம்ப நாளா சொல்லணும்னு. உனக்கு நான் ரொம்ப நன்றி..."

"ஐயோ அண்ணி." நாத்தனார் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்ன இது, மேடையில மைக் பிடிச்ச மாதிரி. யாராவது கேட்டா நான் ஏதோ கட்டடம் கட்டிக் குடுத்தேன்னு நினைப்பாங்க."

"சொல்ல விடேன்."

"வேணாம். எனக்குப் புரியுது. நீங்க சொன்னா நானும் திருப்பிச் சொல்லணும், அப்புறம் ரெண்டு பேரும் இங்க நின்னு அழுவோம், பஸ் போயிரும்."

பஸ் வந்தது. உள்ளே கூட்டம் இல்லை. நாத்தனார் வழக்கம்போல முந்திக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எழுந்திரு" என்றாள் டோக்கன். "இந்தப் பக்கம் வா."

"ஜன்னலோரம் எனக்குப் பிடிக்கும் அண்ணி."

"தெரியும். எழுந்திரு."

முணுமுணுத்துக்கொண்டே நாத்தனார் இடம் மாறினாள். டோக்கன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயிலுக்குத் தன் முதுகைக் கொடுத்துத் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் போவதற்குள் நாத்தனார் தூங்கிவிட்டாள். பஸ் வளையும்போதெல்லாம் அவள் தலை வந்து டோக்கனின் தோளில் இடித்தது. டோக்கன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.